மண்ணின் பதம் கேட்காமல் மழை சொல்லாதீர்கள்

பிராந்திய வானிலை மாதிரிகளை, அதாவது வானிலையை முன்கூட்டிக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் நிரல்களை, இயக்கும் விஞ்ஞானிகளுக்கும், அந்த மாதிரிகளுக்குள் எந்தத் தரவு போக வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கும்,

"மண் ஈரத்தை மாதிரியே கணக்குப் போட்டுக்கொள்ளும். இனி யாரும் மண்ணைத் தோண்டி எடுத்துக் காயவைத்து எடை போட வேண்டியதில்லை." நான் 22 ஆண்டுகள் வேலை பார்த்த வேளாண் ஆய்வுப் பண்ணையில் போன மாதம் இப்படி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். பண்ணையின் பெயரையோ முடிவெடுத்தவர்களின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பண்ணையோடு முடிகிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. ஆனால் இந்த முடிவை வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

நான் விஞ்ஞானி இல்லை. அந்தப் பண்ணையின் வானிலைத் திடலில் பதிவாளராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மன்னார்குடிப் பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தில், அப்பா விட்டுப்போன பன்னிரண்டு மா நிலத்தில் நெல்லும் உளுந்தும் போடுகிறேன். அதாவது முன்னறிவிப்புக்கு எண்களைக் கொடுக்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன், அந்த முன்னறிவிப்பை நம்பி நெல்லைக் காயப்போடும் இடத்திலும் இருக்கிறேன்.

காலை 7 மணி, பிற்பகல் 2 மணி. இந்த இரண்டு நேரமும் என் உடம்பில் ஊறிப்போனவை. திடலில் புல் பூண்டு இல்லாமல் ஒரு துண்டு வெற்று நிலம் விட்டிருப்போம். அதில் 5, 10, 20 சென்டிமீட்டர் ஆழங்களில் மூன்று மண் தெர்மாமீட்டர்கள் புதைந்திருக்கும், தண்டு மட்டும் வளைந்து வெளியே சாய்ந்து நிற்கும். முட்டி போட்டுக் குனிந்து, கண்ணைப் பாதரச மட்டத்துக்குச் சரியாகக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். மண் எடுக்கும் நாளில் ஆகரை, அதாவது மண்ணைத் துளைத்து எடுக்கும் திருகுக் கருவியை, திருகி இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு கை மண் எடுத்து, எண் போட்ட அலுமினிய டப்பாவில் அடைத்து, மூடியை இறுக்கி, ஓட்டமாக ஓடித் தராசில் வைப்பேன். வழியில் ஆவியாகிவிடக் கூடாது என்ற பயம். அப்புறம் ஓவனில் 105 டிகிரியில் 24 மணி நேரம். மறுநாள் மறுபடி எடை. குறைந்ததுதான் தண்ணீர்.

ஒரே மழை பெய்த மறுநாள் இரண்டு மண் எடுத்துப் பார்த்தால் போதும், இதில் என்ன இருக்கிறது என்று புரிந்துவிடும். எங்கள் களிமண்ணில் நூறு கிராம் காய்ந்த மண்ணுக்கு முப்பது கிராமுக்கு மேல் தண்ணீர் நிற்கும். வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணில் பத்துப் பன்னிரண்டு கிராம் நின்றாலே அதிகம். இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். ஒன்று ஒரு வாரம் ஈரம் தாங்கும், இன்னொன்று மூன்றாம் நாள் கொதிக்கும். மேலே இருக்கும் காற்றும் அதற்குத் தகுந்தபடிதான் நடந்துகொள்ளும்.

இப்போது அந்தத் திடலில் ஒரு தானியங்கி நிலையம் நிற்கிறது. காற்று, மழை, வெயில், காற்றின் ஈரப்பதம் எல்லாம் அளக்கிறது. நல்ல கருவிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு கம்பிகூட மண்ணுக்குள் இறங்கவில்லை. ஆகர் கிடங்கில் கிடக்கிறது.

மாதிரி தானே கணக்குப் போட்டுக்கொள்ளும் என்றார்களே, அதற்கு வருகிறேன். எப்படிப் போடுகிறது என்பது எனக்கும் ஓரளவு தெரியும். உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்தும் டபிள்யூஆர்எஃப் மாதிரியோடு சேர்த்து ஓட்டப்படும் நில மாதிரிகளில் ஒன்று நோவா. அது மண்ணை 10, 30, 60, 100 சென்டிமீட்டர் கனத்தில் நாலு அடுக்காகப் பிரித்து, மொத்தம் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கணக்கு வைக்கிறது. மேலே மழை பெய்தால் வரவு, வெயிலிலும் பயிரிலும் ஆவியானால் செலவு, கீழே வடிந்தால் செலவு. வானம் பார்த்த பூமிக்கு இந்த வரவு செலவு ஓரளவு ஒத்துப்போகும்.

எங்கள் ஊரில் ஜூன் மாதம் மண்ணை நனைப்பது மழை இல்லை. மேட்டூர் மதகு.

வழக்கமாக ஜூன் 12-இல் தண்ணீர் திறக்க வேண்டும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆனது. 2017-இல் அக்டோபர் 2 வரை காத்திருந்தோம். ஆக, ஒரே ஜூன் மாதத்தில் ஒரு வருஷம் காவிரி டெல்டாவில் சேறும் நாற்றங்காலுமாக இருக்கும், இன்னொரு வருஷம் கை நுழைகிற அளவுக்கு வயல் வெடித்துக் கிடக்கும். அந்த இரண்டு வருஷமும் மேலே பெய்த மழையை மட்டும் வைத்து மண் ஈரத்தைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரே விடைதான் வரும். குடகில் பெய்த மழையும், கர்நாடக அணைகளின் இருப்பும், மேட்டூர் நீர்மட்டமும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒரு விஷயத்தை, மன்னார்குடி வானத்தை மட்டும் பார்த்து ஒரு மாதிரி எப்படிக் கண்டுபிடிக்கும்?

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் நிற்கும் நெல் வயலிலிருந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு அது சுமார் 20,000 லிட்டர். நல்ல வருஷத்தில் டெல்டாவில் குறுவை நெல் ஐந்து லட்சம் ஏக்கரை ஒட்டி வரும். பெருக்கினால் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி லிட்டர். எங்கள் கணக்கில் சொன்னால் மூன்றில் ஒரு டிஎம்சி. மேட்டூரில் நாள் முழுக்க விநாடிக்கு 4,000 கன அடி திறந்துவிட்டு, அத்தனையையும் வானத்துக்கு அனுப்பியது போல. ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஆவியாகப் போகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. ஈரம் இருந்தால் வெயிலின் பெரும்பங்கு அந்த வேலைக்குப் போய்விடும். ஈரம் இல்லாவிட்டால் அதே வெயில் நேராகத் தரையையும் காற்றையும் சுடவைக்கும். மதிய வெப்பநிலை மாறும், காற்றின் ஈரப்பதம் மாறும், தரைக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் மாறும். அதோடு கடல்காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதும் மாறும். மாலை மழை எங்கே கிளம்பும் என்பது இதையெல்லாம் பொறுத்தது. இந்தப் பாடத்தை உங்களுக்கு நான் எடுக்க வேண்டியதில்லை என்று தெரியும். எழுதுவதற்குக் காரணம், இந்தப் பாடத்தை நன்றாக அறிந்தவர்கள் இருக்கும் துறையிலேயே மண் எடுப்பதை நிறுத்தச் சொல்லி முடிவு வருகிறது என்பதுதான்.

இன்னொன்று, வெடிப்பு. கோடையில் எங்கள் களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். சித்திரையில் முதல் மழை பெய்தால் தண்ணீர் மேலே நிற்காது, வெடிப்பு வழியாக நேராக அடிக்குப் போய்விடும். சாயங்காலம் பெய்த மழைக்கு மறுநாள் மதியம் மேல்மண் பொருபொருவென்று இருப்பதை எத்தனையோ முறை எடுத்து எடை போட்டிருக்கிறேன். முதல் அடுக்கு நனைந்து, பிறகு இரண்டாம் அடுக்கு நனைந்து என்று வரிசையாகப் போகும் கணக்குக்கு இது பிடிபடாது. இதைத் தெரிந்துகொள்ள ஆகரைத் தவிர வேறு வழி அன்றைக்கு இருக்கவில்லை.

உலகம் இதை எப்போதோ கண்டுகொண்டுவிட்டது. 2004-இல் 'சயின்ஸ்' இதழில் ரான்டல் கோஸ்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் பன்னிரண்டு மாதிரிகளை ஒரே விதமாக ஓட்டிப் பார்த்து, மண் ஈரத்துக்கும் மழைக்கும் பிணைப்பு வலுவாக இருக்கும் இடங்களைக் குறித்தார்கள். அமெரிக்காவின் பெருஞ்சமவெளி, ஆப்பிரிக்காவின் சஹேல், அப்புறம் இந்தியா. நம் நாட்டின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2003-இல் ஐரோப்பாவைச் சுட்டெரித்த வெப்ப அலையிலும், வசந்த காலத்திலேயே மண் காய்ந்து கிடந்தது வெப்பத்தைக் கூட்டியது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2011-இல் கிறிஸ் டெய்லரும் அவர் குழுவினரும் சஹேலில் இடிமழை எங்கே கிளம்புகிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேடினார்கள். ஈர நிலமும் காய்ந்த நிலமும் பத்து இருபது கிலோமீட்டர் அளவில் அடுத்தடுத்துக் கிடக்கும் இடங்களில் அதிகமாகக் கிளம்பியது.

இந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. ஜூலை மாதத்து டெல்டாவின் மேற்கு ஓரத்தை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் தண்ணீர் தளும்பும் களிமண் வயல்கள். அந்தப் பக்கம் வல்லத்துச் செம்மண் மேடு, புதுக்கோட்டை வரைக்கும் காய்ந்த தரை. ஈரமும் காய்ச்சலும் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் எல்லை. இங்கே மாலை இடிமழை எப்படிக் கிளம்புகிறது என்று, மண் ஈரத்தை உண்மையாகக் கொடுத்து ஒரு மாதிரியை ஓட்டிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அதை எங்களுக்குச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால், மண் எடுப்பதை நிறுத்துவதற்கு இதுவா நேரம்?

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், புரட்டாசியில் குறுவை அறுத்திருந்தோம். எங்கள் பக்கம் பத்து நாளாகப் பொட்டு மழை இல்லை. மேற்கே ஒரத்தநாட்டுப் பக்கம் முந்தின இரண்டு நாளும் நல்ல மழை, அதை என் நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறேன். காலையில் கைப்பேசிக்கு வந்த செய்தி, அடுத்த இரண்டு நாளைக்கு வறண்ட வானிலை என்றது. அனுப்பியது எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அதை நம்பி நாற்பது மூட்டை நெல்லையும் ரோட்டோரம் கொட்டிப் பரப்பினோம். நாலு மணி வரை நல்ல வெயில். நாலரைக்கு மேற்கே கறுத்தது. தார்ப்பாய் இழுத்து மூடுவதற்குள் பாதிக்கு மேல் நனைந்துவிட்டது. நானும் என் மனைவியும் பக்கத்து வயல்காரரும் இரவு பத்து மணி வரை நெல்லை வாரிக்கொண்டிருந்தோம். கைவிளக்கு வெளிச்சத்தில் தண்ணீரோடு நெல் ரோட்டுச் சரிவில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு 21 காட்டியது. திரும்பக் கொண்டுவந்து காயப்போட, நடுவில் இன்னும் இரண்டு மழை. அடியில் இருந்த மூட்டைகள் முளை கட்டிவிட்டன. கடைசியில் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுத்தேன்.

அன்றைய மழைக்கு மேற்குப் பக்கத்து மண்ணின் ஈரம்தான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. வேறு பத்துக் காரணம் இருக்கலாம். ஆனால் அந்தக் காலையில் முன்னறிவிப்பு தயாரானபோது, ஒரத்தநாட்டு மண் நனைந்திருக்கிறது, மன்னார்குடி மண் காய்ந்திருக்கிறது என்ற தகவல் உள்ளே போனதா என்ற கேள்விக்கு இதுவரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். கடிதம் கிடைத்தது என்ற ஒப்புகை மட்டும் வந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு எங்கள் மண்ணைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லவில்லை. அது வங்கக் கடல் தருவது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதியை ஒட்டி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில்தான் பெய்கிறது, அதில் தாழ்வு மண்டலமும் புயலும் எங்கே இருக்கின்றன என்பதே பெரிய கேள்வி. நான் பேசுவது சித்திரை முதல் புரட்டாசி வரை வரும் வெப்பச்சலன மழையைப் பற்றி. "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்பு" என்று ஆறு மாதமும் தினம் படிக்கிறோமே, அந்த மழையைப் பற்றி. அந்த ஓரிரு இடங்கள் எவை என்பதுதான் களத்தில் நெல் வைத்திருப்பவனுக்கு வேண்டியது.

அடைமழைக் காலத்திலும் மண்ணுக்கு வேலை இல்லாமல் இல்லை. 2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்து போன ஈரம் காய்வதற்குள் டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி வந்தது. புரட்டாசியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் எங்கள் மண் குடித்துவிடும். ஏற்கெனவே வயிறு நிறைந்த மண்ணில் அதே பத்து சென்டிமீட்டர் பெய்தால் சம்பா மூழ்கும். அறிவிப்பில் இரண்டுக்கும் ஒரே நிறத்தில் எச்சரிக்கை கொடுத்தால் எங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? தை மாதப் பனியும் அப்படித்தான். ஈரத் தரை மேல் இரவு எப்படிக் குளிர்கிறது, காலையில் பனிமூட்டம் எத்தனை மணிக்கு விலகும், அறுவடை இயந்திரத்தை எப்போது வயலில் இறக்கலாம் என்பதெல்லாம் அதோடு கட்டிக் கிடக்கிறது.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஐரோப்பாவின் ஸ்மாஸ் 2009-இலும், நாசாவின் ஸ்மாப் 2015-இலும் மேலே போயின. ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையமும் பிரிட்டிஷ் வானிலை அலுவலகமும் செயற்கைக்கோள் தரும் மண் ஈரத்தைத் தங்கள் மாதிரிகளுக்குள் எடுத்துக்கொள்கின்றன. நொய்டாவில் இருக்கும் நம் தேசிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையத்து விஞ்ஞானிகளும் இதே வழியில் வேலை செய்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் இன்னும் நுணுக்கமாக மண் ஈரத்தைப் பார்க்கும். சந்தோஷம்தான். ஆனால் ஸ்மாப் பார்ப்பது மேல்மண்ணின் ஐந்து சென்டிமீட்டரை. அதன் ஒரு பார்வைக்குள் சுமார் 40 கிலோமீட்டர் அகலம் அடங்கிவிடுகிறது. திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை 25 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். கடலும் வயலும் ஒரே புள்ளியில் கலந்துவிடும் ஊர் எங்களுடையது. போதாததற்கு, வயலில் நிற்கும் தண்ணீரையும் மண்ணின் ஈரத்தையும் மேலிருந்து பிரித்துப் பார்ப்பது சிரமம். கீழே ஒருவர் அளந்து சொன்னால்தான் மேலே பார்த்தது சரியா என்று தெரியும். காவிரியில் வந்து சேரும் கபினியின் வடிநிலத்தில், கர்நாடகத்துப் பேரம்பாடியில் பல ஆண்டுகளாக மண் ஈரத்தை அளந்து செயற்கைக்கோளோடு ஒப்பிட்டு வருகிறார்கள். அதே காவிரியின் கடைமடையில் மட்டும் எதற்கு ஆகரைத் தூக்கிக் கிடங்கில் போடுகிறோம்?

பணம் இல்லை என்று இந்த முறை சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் 2,000 கோடி ரூபாயில், வானிலை முன்னறிவிப்பை மேம்படுத்தும் மிஷன் மௌசம் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே மாதம் புனேயிலும் நொய்டாவிலும் அர்கா, அருணிகா என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. அக்டோபரில் ஊராட்சி வாரியாக முன்னறிவிப்பு தரும் திட்டம் தொடங்கியது. 2025 மே 26-இல் 6 கிலோமீட்டர் கட்டங்களில் ஓடும் பாரத் முன்னறிவிப்பு முறையை நாட்டுக்குக் கொடுத்தீர்கள். பெருமைப்பட வேண்டிய வேலை, நானும் பெருமைப்படுகிறேன். ஆறு கிலோமீட்டர்க் கட்டம் என்றால் கிட்டத்தட்ட 9,000 ஏக்கர். அந்த 9,000 ஏக்கரில் இன்று தண்ணீர் நிற்கிறதா, வெடித்துக் கிடக்கிறதா என்று அந்த ஊர்த் தலையாரியைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு தகவல் போய்ச் சேர வேண்டாமா? ஆனால் இதே 2024-இல்தான் விவசாயிகளுக்கு வானிலை ஆலோசனை தந்து நாடு முழுக்க இயங்கிய 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் நிறுத்தப்பட்டன. கணக்குப் போடும் இடத்தைப் பெரிதாக்கிவிட்டு, மண்ணைப் பார்க்கும் கண்ணை மூடிக்கொண்டே போனால் எப்படி?

எங்கள் ஊரில் தை மாதம், சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசி விதைப்போம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் தடம் விழ வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஈரம் மிஞ்சினால் விதை அழுகும், ஒரு நாள் பிந்தினால் முளைக்காது. என் அப்பா வரப்பில் இறங்கிக் கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விதைக்கூடையைத் தொடுவார். பதம் பார்க்காமல் ஒரு வேலையும் தொடங்க மாட்டோம். உங்கள் மாதிரியும் தினம் ஒரு தொடக்க நிலையிலிருந்துதான் கிளம்புகிறது. காற்றின் வேகம், வெப்பம், கடலின் சூடு என்று ஆயிரம் விஷயத்தைப் பார்த்துப் பார்த்து அந்தத் தொடக்கத்தைச் சரிசெய்கிறீர்கள். காலுக்குக் கீழே இருப்பதையும் பார்த்துச் சரிசெய்யுங்கள் என்பதே என் வழக்கு.

இனி, நான் கேட்பவை.

மண் எடுப்பதை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். அந்தப் பண்ணையில் மட்டும் இல்லை, எங்கெல்லாம் இப்படி முடிவாகியிருக்கிறதோ அங்கெல்லாம். தானியங்கி சென்சார் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆகரும் சென்சாரும் குறைந்தது இரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் அளக்க வேண்டும். களிமண்ணில் வெடிப்பு விழும்போது சென்சாருக்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகுந்துவிடும், எண் பொய் சொல்லும். அதைக் கண்டுபிடிக்க எடை போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மேட்டூர், முக்கொம்பு, கல்லணையில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்ற கணக்கு நீர்வளத் துறையிடம் இருக்கிறது. எந்த வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் நடவு முடிந்தது என்ற கணக்கு வேளாண் துறையிடம் இருக்கிறது. இரண்டும் அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு. அவற்றை வாங்கி, பாசன நிலத்தின் ஈரத்தை மாதிரியின் தொடக்க நிலையில் வாரம் ஒரு முறையாவது திருத்துங்கள். புதுச் செலவு இல்லாமல் உடனே செய்யக்கூடியது இதுதான். ஆகவே இதற்கு மட்டும் காலக்கெடு கேட்கிறேன்: அடுத்த குறுவைக்குள்.

டெல்டா மாவட்டங்களில் ஒன்றியத்துக்கு ஒரு இடத்திலாவது மண்ணுக்குள் சென்சார் இறக்குங்கள். அலுவலக வாசல் புல்தரையில் வேண்டாம், வயலில். களிமண்ணுக்கு ஒன்று, செம்மண்ணுக்கு ஒன்று, வேதாரண்யம் பக்கத்து மணலுக்கு ஒன்று என்று மண்ணைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. அங்கே 77 மாவட்டங்களிலும் குறைந்தது ஒரு வானிலை நிலையம் வைத்து, பெரும்பாலானவற்றில் மண் ஈரமும் அளக்கிறார்கள். அந்த வலையமைப்பு 1994 முதல் ஓடுகிறது. இடம் வேண்டுமென்றால் என் வயலின் ஒரு மூலையைத் தருகிறேன், வாடகை வேண்டாம்.

மாதிரி ஒவ்வொரு நாளும் எங்கள் ஒன்றியத்துக்கு எவ்வளவு மண் ஈரத்தை வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கியது என்ற எண்ணை முன்னறிவிப்போடு சேர்த்து வெளியிடுங்கள். தமிழில், ஒரு வரி போதும். தப்பாக இருந்தால் வயலில் நிற்கும் நாங்களே சொல்லிவிடுவோம்.

கடைசியாக, ஒரு சோதனை. 2022 ஜூனையும் 2024 ஜூனையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் டெல்டா நனைந்திருந்தது, இன்னொன்றில் காய்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்கும் மாதிரியை இரண்டு முறை ஓட்டுங்கள், ஒரு முறை அது தானே போட்ட மண் ஈரத்தோடு, ஒரு முறை உண்மையான பாசனக் கணக்கோடு. மதிய வெப்பநிலையும் மாலை மழையும் எதில் உண்மைக்குக் கிட்டத்தில் வருகின்றன என்று பார்த்து முடிவை வெளியிடுங்கள். வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வெளியிடுங்கள். அப்படி வந்தால் என் பேச்சை நான் திரும்பப் பெறத் தயார்.

22 வருஷத்தில் எடுத்த மண் ஈர அளவுகளையும் மண் வெப்பநிலைகளையும் அலுவலகப் பதிவேட்டில் எழுதியது போக, என் கைப்பட இன்னொரு பிரதி எழுதி வைத்திருக்கிறேன். பதினொரு நீள நோட்டுகள். இரும்புப் பெட்டியில், கரையான் வராமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். சோதனைக்கு வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன். வரும் ஜூன் 12-க்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் வானிலைப் பதிவாளர், இன்னாள் விவசாயி,
வெண்ணாற்றுப் பாசனம், திருவாரூர் மாவட்டம்.